சிஸ்டர் வைத்த சேனை

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச வேண்டி வந்தால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேன். சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஒருவரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். அவரைப் பற்றிப் பேப்பரிலும் டிவியிலும் போனிலும் எவ்வளவோ வந்துவிட்டது. அதில் எதிலும் அந்தத் தட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிபாளையத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, நாலு பக்கமும் தறிச் சத்தம் கேட்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே நான் ஒப்பந்தத்தில் வேலை செய்கிற ஆயா. பிரசவ அறைக்கு வெளியே ஒரு ஜன்னல். ஜன்னல் மேடையில், பஞ்சும் கத்தரியும் வைக்கிற வளைந்த ஸ்டீல் தட்டு ஒன்று. எங்கள் தட்டில் பஞ்சு இருக்காது, பாலாடைகள் இருக்கும். குழந்தைக்குப் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணங்கள். பித்தளை, எவர்சில்வர், எப்போதாவது வெள்ளி. கூடவே தேன் பாட்டில், சர்க்கரைத் தண்ணீர் பாட்டில்.

எங்கள் பக்கம் குழந்தை பிறந்தால் சேனை வைப்பார்கள். தாய்ப்பாலுக்கு முன்பே தேனோ சர்க்கரைத் தண்ணீரோ ஒரு சொட்டு, குடும்பத்தில் நல்ல பேர் எடுத்த ஒருவர் கையால். வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அங்கே அப்போது நர்ஸாக இருந்த எங்கள் சிஸ்டருக்கு அது ஆகவே ஆகாது. பிரசவத்துக்கு வருகிற குடும்பம் வாசலைத் தாண்டும்போதே கையை நீட்டிவிடுவார். "அதக் குடுங்க சாமி. பத்திரமா இருக்கும். போறப்ப வாங்கீட்டுப் போங்க." திட்ட மாட்டார், பாடம் நடத்த மாட்டார். நீட்டிய கையை மட்டும் மடக்க மாட்டார். பெரிய மீசை வைத்தவர்கள்கூட மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்கிய பாலாடைகளை மூக்கு சுவர்ப் பக்கம் பார்க்கிற மாதிரி வரிசையாக அடுக்குவார். "நம்மளப் பாத்து மொறைக்காம இருக்கட்டும்" என்பார்.

அவருக்கு முதல் வம்பு வந்ததும் ஒரு பாலாடையால்தான். ஒரு நூல் வியாபாரி வீட்டுப் பிரசவம். வெள்ளிப் பாலாடையை வாங்கித் தட்டில் போட்டுவிட்டார். எங்கள் வீட்டு வழக்கத்தில் கைவைக்க நீ யார் என்று அவர்கள் மேலே புகார் செய்ய, சிஸ்டருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தறியில் வேலை செய்கிற பெண்கள், இடுப்பில் குழந்தையோடு, ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் நின்றது, நூல் லாரி நின்றது. உத்தரவு ரத்தானது. அந்தக் கூட்டத்தைக் கட்சிக்காரர்கள் பார்த்தார்கள். அடுத்த தேர்தலில் அவரை நிறுத்தினார்கள். வேலையை ராஜினாமா செய்துவிட்டு நின்றார், ஜெயித்தார்.

ஊரே அவரை அம்மா என்றது. எனக்கு மட்டும் கடைசிவரை வாயில் சிஸ்டர்தான் வந்தது. "நீயாச்சும் அப்படியே கூப்புடு கண்ணு" என்பார். ஆண்கள் கூட்டத்துக்குள் தனியாகப் போக அவருக்கு உள்ளூரப் பயம். அதனால் எனக்கு லீவு உள்ள நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நான் காரின் பின் சீட்டில் அவருடைய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாவது வம்பு ஆஸ்பத்திரி ஒன்றைப் பார்வையிடப் போனபோது வந்தது. உள்ளே ஒரு தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பணியில் இருந்தது ஒரே ஒரு சின்னப் பெண் நர்ஸ். சிஸ்டர் கதர்ப் புடவையை இடுப்பில் செருகி, கையுறை போட்டு உள்ளே போய்விட்டார். தாய் பிழைத்தாள். எம்.எல்.ஏ.வுக்குப் பிரசவ அறையில் என்ன வேலை என்று டாக்டர்கள் போராட்டம் அறிவித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. சிஸ்டர் மன்னிப்புக் கேட்டார். அன்று காரில் திரும்பும்போது தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "இனி இதுக்கு ஒரு வேலயும் இல்ல, பாத்துக்க" என்றார்.

அந்தத் தாய் ரத்தம் கிடைக்காமல் தவித்ததிலிருந்துதான் எங்கள் பக்கத்துக்கே ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரி, ரத்த வங்கியோடு, வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அலைந்து திரிந்து அனுமதி வாங்கினார். தூண்கள் எழும்பி, முதல் தளம் பாதி வந்தபோது வேலை நின்றது. அடுத்த தேர்தல் நெருங்கிவிட்டது. தனக்குத் திரும்பவும் சீட் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டடம் அப்படியே நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். சீட் யாருக்கு என்பதில் கட்சியின் ஒன்றியச் செயலாளர் சொல்வதுதான் மேலே எடுபடும் என்பதும் தெரியும்.

அந்தச் செயலாளர் வீட்டில் அப்போது பேத்தி பிறந்தாள். மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் வைத்தியம் பார்த்துப் பிறந்த குழந்தை. ஆஸ்பத்திரியில் சேனை வைக்க விடவில்லை. வீட்டுக்கு வந்த அன்று சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். வாசலில் பந்தல், உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம், ஒரு போட்டோக்காரர்.

"அம்மா, உங்க கையால சேனை வெக்கோணுமுங்க. எம்பேத்தி உங்களாட்ட வரோணும்" என்றார் செயலாளர்.

"என்னையாட்ட எதுக்குங்க, தூக்கங்கெட்டு அலையறதுக்கா? நல்லாத் தூங்கற ஆளாப் பாத்து வெக்கச் சொல்லுங்க" என்றார் சிஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "வேண்டாமுங்க. பச்சத்தண்ணிகூட ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லீட்டு நானே வெச்சா நல்லாருக்குமுங்களா?" என்றார்.

"எம்மெல்லே ஆயும் நர்சு புத்தி போகல பாருங்க" என்றது கூட்டத்தில் ஒரு பெண் குரல். இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

செயலாளர் கையைக் கூப்பிவிட்டார். அவர் நடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "தவமிருந்து வந்த புள்ளைங்க. இத்தன பேரு முன்னால வேண்டாம்னு சொல்லீராதீங்க."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். பிரசவ அறையில் கழுவுகிற மாதிரி, முழங்கை வரை, நகக்கண் ஒவ்வொன்றாக. "ஏனுங்கம்மா, ஆபரேசனுங்களா?" என்று ஒருவர் கேலி செய்தார். சிஸ்டர் திரும்பவில்லை. வந்து, மோதிர விரல் நுனியில் தேனைத் தொட்டு, குழந்தையின் நாக்கில் வைத்தார். குழந்தை சப்புக்கொட்டியது. போட்டோ எடுத்தார்கள்.

"ஒரு சொட்டுதான கண்ணு" என்றார் காரில்.

"ஆமாங்க சிஸ்டர்" என்றேன். 

சில நாட்களில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. அழுகை மெலிந்தது, கழுத்து துவண்டது. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். தேனால் வருகிற ஒரு நோய் என்று சந்தேகப்பட்டார் ஒரு டாக்டர். பிறக்கும்போதே பலவீனம், அதுவாகவும் இருக்கலாம் என்றார் இன்னொருவர். உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. சிஸ்டர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். குழந்தையின் தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து எதிரில் நின்றாள். கத்தவில்லை.

"எங்கப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமல்லங்க?"

சிஸ்டர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். அந்தப் பெண் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் குழந்தை இறந்தது.

போட்டோ எங்கும் பரவியது. நர்ஸ் வேலை பார்த்தவரே கொன்றுவிட்டார் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். போலீஸ் விசாரித்தது. அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். அவரை உடைத்தது வேறு. எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்கள் அதே போட்டோவைப் போனில் எடுத்துக் காட்டத் தொடங்கினார்கள். "எம்மெல்லேம்மாவே வெக்கறாங்க, நீங்க என்னமோ தடுக்கறீங்க?" குழந்தை செத்த கதை வராமல் வெறும் போட்டோ மட்டும் போய்ச்சேர்ந்த வீடுகள் நிறைய இருந்தன. புது நர்ஸ்கள் கையை நீட்டினால் யாரும் எதையும் கொடுக்கவில்லை. ஜன்னல் தட்டு காலியாகக் கிடந்தது. நான் இதைச் சொன்னபோது சிஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கட்சியிலிருந்து ஆள் வந்தது. "உதட்டுக்கிட்டப் போஸ்தான் குடுத்தேன், நாக்குல வெக்கலன்னு சொல்லீருங்கம்மா. செயலாளரும் ஒத்துக்கறாருங்க. சீட்டுக்குப் பழுதில்ல, கட்டடமும் முடிஞ்சுரும்."

 சிஸ்டர் மறுபடி அந்தக் கட்டடத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. பிறகு, "வெக்கலன்னு சொன்னா, அந்தப் புள்ள தானாச் செத்துதுன்னு ஆயிருமுங்க. அப்பறம் எல்லாரும் தைரியமா வெப்பாங்க" என்றார்.

நிருபர்களை எங்கள் சுகாதார நிலையத்து வாசலுக்கே வரச் சொன்னார். அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றார். "நான் வெச்சேன். நாக்குல வெச்சேன். கூடாதுன்னு தெரிஞ்சே வெச்சேன். நீங்க யாரும் வெக்காதீங்க." அவ்வளவுதான் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று டிவியில் ஓடியது. கடைசி வரியை வெட்டிவிட்டார்கள்.

சீட் வேறொருவருக்குப் போனது. ஆஸ்பத்திரித் தூண்களில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றன, கீழே தறிக்காரர்கள் பாவு நூல் காயப்போடுகிறார்கள். சிஸ்டர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. நான் போனால் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். டிவி ஓடாது. ஒரு நாள், "அந்தப் புள்ள சப்புக்கொட்டுச்சில்ல?" என்று மட்டும் கேட்டார். நான் எழுந்து போய்க் காப்பி வைத்தேன்.

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தார். எல்லோரையும் போல வரிசையில் நின்றார். அப்போது ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. வலியோடு ஒரு பெண், பின்னால் அவள் மாமனார். அவர் கையில் பித்தளைப் பாலாடை. சிஸ்டர் வரிசையை விட்டு வெளியே வந்தார். கை தானாக நீண்டது.

"அதக் குடுங்க சாமி. பத்திரமா இருக்கும். போறப்ப வாங்கீட்டுப் போங்க."

அவர் சிஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்கம்மா, நீங்களா சொல்றீங்க?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிஸ்டர் கை நீட்டியபடியே இருந்தது. மடங்கவில்லை. நான் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அவங்கதானுங்க சொல்லோணும். வேற யாரு சொல்லோணும்? குடுங்க."

அந்தப் பெண் வலியில் முனகினாள். மாமனார் பாலாடையைச் சிஸ்டர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். சிஸ்டர் அதை முந்தானையால் துடைத்து, தட்டில் வைத்து, மூக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.  பிறகு மாத்திரை வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்து போனார். உள்ளே பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் காலை வார்டைக் கூட்டும்போது அந்தப் பெண்ணின் கட்டிலுக்கு அடியில் ஒரு தேன் பாட்டில் மூடி கிடந்தது. அதைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது.