கார்த்திகைச் சீரும் ஒன்பதாவது கேள்வியும்

"...வாங்காம எப்படிம்மா இருக்கறது? வருஷா வருஷம் குடுக்கறான், வாங்கிக்கறேன். இந்த வருஷம் அவனுக்குக் கால் வீங்கிப்போயி எழுந்து நிக்கக்கூட முடியல, அப்பவும் குடுத்தான்" என்று அந்த அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல் விடாமல் நான் விண்ணப்பத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஒன்பதாவது கேள்விக்கு நேராக, எட்டணாக் காசு அகலத்தில் பழுப்புக் கறை ஒன்று.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஓர் அறக்கட்டளையில் நான் எழுத்து வேலை பார்த்தேன். சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கு வீட்டில் ஒருவர் தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தால், வேலூரில் அறுவைச் சிகிச்சைக்கும், இருவரும் தேறி எழும்வரை சாப்பாட்டுக்கும் உதவித்தொகை தருவார்கள். வருகிறவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு எழுதுவது என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிச்சமெல்லாம் ஆட்கள் பேசக் கேட்டுத்தான் கற்றேன். அதனால் யார் எப்படிச் சொன்னாலும் சொன்ன தினுசிலேயே எழுதிவைப்பேன். அறக்கட்டளைத் தலைவர் எண்ணெய்க் கடைக்காரர். "நீ மனு எழுதறியா, கதை எழுதறியா?" என்று கேலி செய்வார். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

அக்காவுக்கு ஊர் அடி அண்ணாமலை. கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கப் போகிறவர். சிறுநீரகம் கெட்டுப்போனது அவருடைய தம்பிக்கு, ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். வேலூரில் குடும்பத்தில் எல்லோருடைய ரத்தத்தையும் சோதித்துப் பார்த்து, அக்காவுடையதுதான் பொருந்துகிறது என்றார்களாம். "நாலு பேரு கூடப் பொறந்தோம். சண்டை போடறதுக்குன்னே பொறந்த எனக்குத்தான் பொருந்துச்சு பாரு. உள்ள போயும் அவனை நல்லாத் திட்டும் என் கிட்னி" என்று சிரித்தார். அதை மட்டும் எழுதவில்லை. அதற்கு விண்ணப்பத்தில் இடமில்லை.

ஒன்பதாவது கேள்வி இதுதான்: நோயாளியிடமிருந்து பணமோ பொருளோ பெற்றீரா? யாரும் உறுப்பை விலைக்கு விற்றுவிடக் கூடாது என்று குழுவினர் சேர்த்த கேள்வி. எல்லோரும் இல்லை என்பார்கள். அக்கா வந்தது தீபம் முடிந்த மறுவாரம். எங்கள் பக்கம் கார்த்திகைக்கு உடன்பிறந்தவன் சீர் கொடுப்பான். தம்பி கொடுத்ததை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேள்வியின் கருத்து வேறு என்று எனக்கும் தோன்றவில்லை. புடவை, வளையல், பொரி, வெல்லம் என்று நான் வரிசையாக எழுதினேன்.

குழு மாதம் ஒருமுறை, அமாவாசையன்றுதான் கூடும். தலைவர் தாளைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பொருள் வாங்கினதா நீயே எழுதியிருக்கியேம்மா."

"சீருங்க அது."

"எனக்குத் தெரியுது. தாளுக்குத் தெரியுமா? அடுத்த கூட்டத்துக்குத் திருத்தி எடுத்துட்டு வா."

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கார்த்திகைக்கு அவருடைய தங்கைக்குத் தகர டின்னில் பொரி போனதை நானே பார்த்தேன்.

மறுநாள் புதுத் தாளோடு அடி அண்ணாமலைக்கு நடந்தேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒண்ணும் குடுக்கலைனு எழுதணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சீர் செய்யாத தம்பினு ஆவுதே" என்றார். பிறகு கட்டைவிரலை நீட்டினார். "ரேகை வெச்சிக்குங்க. அவனாண்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அடுத்த அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது தம்பி இறந்துபோனார். ஒரு மாதம் முன்னால் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அந்த வாக்கியத்தை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது அது பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதுபோல ஒலிக்கிறது. சேதி வந்த அன்று, நோயாளி காலமானார் என்று எழுதிக் கோப்பைக் கட்டிவைத்தேன். பசித்தது. கொண்டுபோயிருந்த தயிர்ச் சோற்றைச் சாப்பிட்டேன். அழுகை பிறகு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

காரியம் முடிந்தபின் போய்ப் பார்த்தேன். அக்கா முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. "அந்த ரெண்டாவது காயிதம் இருக்குதா?" என்றுதான் கேட்டார். பையிலிருந்து எடுத்தேன். "கிழிச்சிடுங்க. எந்தம்பி ஒண்ணும் குடுக்கலைனு எங்கயும் இருக்கக் கூடாது. மொதல்ல எழுதினீங்களே, அது இருக்கட்டும்." கிழித்தேன். துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டு, முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். நான் கிளம்பியபோது நிமிர்ந்து பார்க்கவில்லை.

போன மாதம், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிறுநீரக உதவித்தொகை வாங்க வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்துக்குக் கூடப் போனேன். அச்சடித்த படிவம். அதே கேள்வி, இப்போது பதினாறாவதாக இருக்கிறது. மேசையில் இருந்த பெண் யாரையும் கேட்காமல் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சரியாகத்தான் செய்தாள். அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். மை மங்கிவிட்டது, கறை மங்கவில்லை. அன்றைக்கு, எழுந்து நிற்க முடியாதபோதும் தம்பி கொடுத்தான் என்று சொல்லி முடித்ததும், "எல்லாம் எழுதிட்டீங்களா?" என்று அக்கா எட்டிப் பார்த்தார். படிக்கத் தெரியாது, ஆனாலும் வரிகள் நிறைய இருப்பதில் அவருக்குத் திருப்தி. மடியில் இருந்த துணிப்பையை அவிழ்த்து, சீரில் வந்த பொரியுருண்டை ஒன்றை எடுத்து, மேசை விளிம்பில் தட்டி இரண்டாக உடைத்தார். பெரிய பாதியை ஒன்பதாவது கேள்வியின் மேல் எனக்காக வைத்துவிட்டு, சின்னதை வாயில் போட்டுக்கொண்டார்.