சுன்னாகத்துக் கமராவும் என் கன்னமும்

என் முகத்தில் ஒரு குறையும் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. எழுபதுகளின் நடுப்பகுதியில் உரும்பிராயிலிருந்து மானிப்பாய்வரை எனக்கு வெண்குட்டம் என்று கதைத்துத் திரிந்தார்கள். அந்தக் கதையின் வாயை அடைத்தவள் நான்தான். வயது போன இந்தக் காலத்திலும் அதை நினைத்தால் எனக்கு என்னைப் பிடிக்கிறது.

எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கிய நேரம். உரும்பிராயில் எங்களுக்குத் தோட்டம். அப்பா வெங்காயம் போடுவார். அப்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் எடுத்த எடுப்பில் பெண் பார்க்க வரமாட்டார்கள். முதலில் சாதகக் குறிப்புப் போகும், அது பொருந்தினால் படம் போகும், படமும் பிடித்தால்தான் ஆட்கள் வருவார்கள். மானிப்பாயில் ஓரிடத்துக்கு என் குறிப்பு நன்றாகப் பொருந்திவிட்டது. அம்மா எனக்குச் சேலை கட்டி, பவுடர் பூசி, சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்திலிருந்த ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே மூன்று காலில் ஒரு பெரிய மரக்கமரா நின்றது. முன்னால் லென்ஸ், பின்னால் கறுத்த துணி, நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கறுத்த தோல். ஸ்ரூடியோக்காரர் துணிக்குள் தலையை விட்டார், எடுத்தார், துருத்தியை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தார், கையிலிருந்த ரப்பர்க் குமிழை அமுக்கினார். அவ்வளவுதான்.

படம் வந்தபோது இடக் கன்னத்தில் ஒரு வெளிறிய திட்டு இருந்தது.

"பவுடரைக்கூட ஒழுங்காப் பூசவிடமாட்டாய்!" என்று அம்மா என்னை ஏசினார். பூசியவரும் அவர்தான். தரகர் படலையடியில் அவசரப்பட்டுக்கொண்டு நின்றதால் படத்தை அப்படியே கொடுத்துவிட்டோம்.

ஒரு கிழமைக்குள் குறிப்புப் பொருந்தவில்லை என்று செய்தி வந்தது. முதலில் பொருந்திய கிரகமெல்லாம் அதற்கிடையில் எங்கே இடம் மாறினவோ தெரியாது. சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன அப்பாதான் உண்மையான காரணத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"பெட்டைக்கு முகத்திலை வெண்குட்டமாம். சந்தையிலை நாலு பேர் என்னட்டையே கேக்கினம்."

அம்மா என்னை முற்றத்து வெயிலில் நிறுத்திக் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். வைத்தியரிடம் கூட்டிப்போனார். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆனால் வைத்தியரின் சிரிப்பை வீடுவீடாகக் கொண்டுபோய்க் காட்டமுடியுமா? எனக்குப் பின்னால் தங்கச்சி ஒருத்தி இருந்தாள். அக்காவுக்கு என்று சொன்னால் தங்கச்சிக்கும் வருமென்பார்கள். அம்மா சோறு தின்பதைக் குறைத்துக்கொண்டார். அந்த நோய் உள்ளவர்கள் மனிதர் இல்லையா என்று எனக்கு ஆத்திரம் ஒருபக்கம். இல்லாத நோயை என் தலையில் கட்டுகிறார்களே என்ற ஆத்திரம் மறுபக்கம்.

"இன்னொரு படம் எடுப்பம். பவுடர் வேண்டாம். முகத்தைக் கழுவிப்போட்டு எடுப்பம்," என்றேன்.

எடுத்தோம். படத்தில் மையோ வேறெதுவோ தடவவேண்டாம், உள்ளபடி தாருங்கள் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். இந்த முறை நான் மற்றப் பக்கம் திரும்பி இருந்தேன். படம் வந்தது. இப்போது வலக் கன்னத்தில் திட்டு.

"ஐயோ, மற்றப் பக்கமும் பரவிட்டுதே!" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அம்மா அழ, நான் இரண்டு படத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் இல்லாத திட்டு படத்தில் மட்டும் எப்படி வருகிறது? தையல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தேன். இரண்டு படத்தையும் விளிம்போடு விளிம்பு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்த திட்டின் நடுவில் குத்தினேன். மேல் படத்தை விலக்கிப் பார்த்தால், கீழே இருந்த படத்திலும் ஊசி திட்டின் நடுவால்தான் போயிருந்தது. என் கன்னம் மாறியிருந்தது, திட்டு இருந்த இடம் மாறவில்லை. நோய் எனக்கில்லை, கமராவுக்கு.

மறுநாள் காலை அப்பாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்ரூடியோக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் கமராவை ஒன்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊசித் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உது பிலிமின்ரை பிழை," என்றார். "வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் வாறேல்லை. கிடைக்கிற பிலிம் எல்லாம் நாள்பட்டது. இப்பிடி வெள்ளை விழுறதுதான், நான் மையாலை தடவிச் சரிபண்ணிக் குடுக்கிறனான். உங்கடை முதல் படத்தை அவசரமெண்டு தடவமுதலே வாங்கிக்கொண்டு போட்டியள். கமராவிலை பிழையெண்டால் இதைப் பாருங்கோ!"

கலியாண வீட்டுக் கூட்டப் படங்களை மேசையில் பரப்பினார். முப்பது நாற்பது பேர் நிற்கும் படங்கள். ஒன்றிலும் ஒரு பொட்டுக்கூட இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். போவோமா என்று கேட்கும் பார்வை.

"அண்ணை, இதுகளும் அதே பிலிம்தானே?" என்றேன்.

"ஓம், அதே பெட்டிதான்."

"அப்ப பிலிம் எப்பிடிப் பிழையாகும்?"

அவர் படங்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினார். அடுக்கிக்கொண்டே, "எண்டாலும் சரஸ்வதி பூசை கழிஞ்சு ஒரு மாதத்துக்கு எல்லாப் படமும் பளிச்செண்டு வாறது. அது அம்மாளின்ரை அருள்," என்றார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியது வேறொன்று: தூரத்தில் நிற்கும் கூட்டத்துக்கு அந்தத் துருத்தி சுருங்கியிருக்கும், என்னைக் கிட்டத்தில் எடுக்கும்போது அதை முன்னுக்கு இழுத்தார்.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா அந்தக் கதிரையிலை இருங்கோ. நான் உங்களைக் கிட்டத்திலை எடுக்கிறன்."

"விசர்க் கதை கதையாதை பிள்ளை."

"என்னை ஊரெல்லாம் நோய்க்காரி எண்டுது அண்ணை. நீங்கள் ஒரு படத்துக்கு இருக்கமாட்டியளோ?"

அப்பாவும் மெல்ல, "இருங்கோவன்," என்றார். அவரே எல்லாவற்றையும் சரிபார்த்து, பிலிமைப் போட்டு, துருத்தியை நீட்டி, போய் விறைப்பாகக் கதிரையில் இருந்தார். நான் குமிழை அமுக்கினேன். வாழ்க்கையில் நான் எடுத்த முதல் படம் அது.

இருட்டறைக்குள் போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது ஈரப் படம் கையில் தொங்கியது. மீசைக்கு மேலே, கன்னத்தின் நடுவில், என்னுடையதைப்போலவே ஒரு வெள்ளைத் திட்டு.

"அண்ணைக்கும் வெண்குட்டமோ?" என்றேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். ஸ்ரூடியோக்காரர் சிரிக்கவில்லை. கமராவை இருட்டறைக்குள் தூக்கிப்போய், துருத்தியை முழுக்க நீட்டி, உள்ளே ரோச் லைற்றை எரியவிட்டார். எங்களையும் கூப்பிட்டார். கும்மிருட்டில் ஒரு மடிப்பின் மூலையில் வெளிச்சம் கீறலாகத் தெரிந்தது. துருத்தியைச் சுருக்கினார், கீறல் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. நீட்டினார்; திரும்பவும் வந்தது.

வெளியே கொண்டுவந்து பார்த்தால் அந்த மூலையில் காய்ந்த சந்தனம். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அவர் அதே இடத்தில்தான் பொட்டு வைத்துவந்திருக்கிறார். வருடா வருடம் ஈரம் ஊறித் தோல் வெடித்துவிட்டது. புதுச் சந்தனம் வெடிப்பை அடைக்கும். அது காய்ந்து உதிரும்வரை படம் பளிச்சென்று வரும்.

"அப்ப இனிப் பொட்டு வைக்கேலாதோ?" என்று பாவமாகக் கேட்டார்.

"மரத்திலை வையுங்கோ அண்ணை."

புதுத் துருத்தி வாங்க அந்த நாளில் வழியில்லை. தெரிந்த ஸ்ரூடியோ ஒன்றில் லென்ஸில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த பழைய கமராவின் துருத்தியைக் கழற்றி வந்து தன் கமராவில் பூட்டினார். பூட்டியதும் எங்களுக்குச் சொல்லியனுப்பினார். நான் போய், ரோச் லைற்றை நானே பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பிறகுதான் கதிரையில் இருந்தேன். படம் என் முகம் மாதிரியே வந்தது. அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் சந்தையின் வாயை யார் மூடுவது? "என்ரை பேரைக் கெடுத்தது உங்கடை கமரா. நீங்கள்தான் ஒரு வழி சொல்லவேணும்," என்றேன். குமர்ப்பெண்ணின் படத்தைக் கடைவாசலில் வைக்கமுடியாது, அப்பா சம்மதிக்கமாட்டார். ஸ்ரூடியோக்காரர் நாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அடுத்த நாள் அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பெரிய படங்கள் தொங்கின. இரண்டும் அவருடையவை. ஒன்றில் கன்னத்தில் திட்டு, மற்றதில் இல்லை. முகத்தில் என்ன நோய் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கமராவிலை ஓட்டை. என்ரை பிழை. உரும்பிராய்ப் பிள்ளை ஒண்டுதான் கண்டுபிடிச்சது," என்று சொன்னாராம், மரக்கறிக் கூடையோடு போனவர்களையும் மறித்துச் சொன்னாராம். தன் தொழிலுக்கே கேடு என்று தெரிந்தும் சொன்ன அந்த மனிதரை நினைத்தும் எனக்குப் பெருமைதான்.

கொஞ்ச நாளில் தரகர் வந்தார். அதே மானிப்பாய் வீட்டாருக்கு இப்போது பூரண சம்மதமாம். குறிப்பும் பொருந்துகிறதாம். அம்மா விளக்கேற்ற ஓடினார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்லுறாய், பிள்ளை?"

அப்படி ஒரு கேள்வியை அந்த வீட்டில் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"மாப்பிள்ளையை இஞ்சை வரச்சொல்லுங்கோ அப்பா. நானும் அவரைப் பகல் வெளிச்சத்திலை ஒருக்காப் பார்க்கவேணும்."

"கேட்டியள்தானே?" என்று அப்பா தரகரிடம் சொன்னார். "அப்பிடியே போய்ச் சொல்லுங்கோ."

மாப்பிள்ளை தாயோடு வந்தார். அவருடைய படம் எங்களிடம் முன்பே இருந்தது. அதில் முகம் வழவழவென்றிருந்தது. நேரில் பார்த்தால் இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்புகள். தாய் அவசரமாக, "சின்னனிலை அம்மாள் வருத்தம் வந்தது, இப்ப ஒண்டுமில்லை," என்றார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அம்மா கண்ணால் கெஞ்சினார்.

"உங்கடை படத்திலை இதைக் காணேல்லையே," என்று மாப்பிள்ளையிடமே கேட்டேன்.

அவர் தலை நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். "படத்திலை தழும்பை அழிக்கவேண்டாம் எண்டுதான் சொன்னனான். வீட்டிலை கேக்கேல்லை."

எங்கள் பக்கத்தில் பெண் தன் வாயால் சம்மதம் சொல்வதில்லை. நான் சொன்னேன்.