முப்பத்தொன்றாம் நம்பர் வயலின்

முதலியார்பேட்டையில் வாத்தியங்கள் ரிப்பேர் செய்யும் ஸ்டெல்லா அக்காவின் கடைக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த வாத்தியம் யாருடையது, என்ன வேலை, முடிந்ததா என்று எல்லாம் அதில் தெரியும். நேற்று முழுக்க உட்கார்ந்து, கடையில் தொங்கிய வயலின்களுக்கெல்லாம் நம்பர் ஒட்டிப் பதிந்தேன்.

இன்று காலை ஒரு அம்மா வந்தார். கணவரின் வயலினை வாங்கிப் போகவேண்டும். சாயங்காலம் சர்ச்சில் நடக்கும் கல்யாணப் பூசையில் அவர் வாசிக்கிறாராம்.

பெயரைத் தட்டினேன். முப்பத்தொன்று என்று வந்தது. பெருமையோடு எடுத்து நீட்டினேன்.

அக்கா பார்த்த உடனே, "இரு தம்பி, இது அவருது இல்ல" என்றார்.

"சிஸ்டம்ல இருக்குக்கா!"

வயலினின் சுருண்ட முனையைக் காட்டினார். அங்கே ஒரு பக்கம் வார்னிஷ் போய் வழவழவென்றிருந்தது.

"இது தரையில உக்காந்து, முனையப் பாதத்துல முட்டுக்குடுத்து வாசிக்கிறவங்களுது. ஏம்மா, உங்க வூட்டுக்காரரு நின்னுக்கிட்டுத்தான வாசிப்பாரு?"

"ஆமாங்க, கோயில்ல நின்னுதான்."

அக்கா முப்பத்திரண்டை எடுத்துக் கொடுத்தார். அதில் தாடை படும் இடம்தான் தேய்ந்திருந்தது.

நேற்று எழுதிய நோட்டைப் புரட்டினேன். இரண்டு நம்பரையும் நான்தான் மாற்றி ஒட்டியிருந்தேன்.

ஆசை தாங்காமல் இன்னும் நாலைந்து வயலின்களைக் காட்டிக் கேட்டேன். ஆள் எப்படி உட்காருவார், எந்த விரலை அதிகம் அழுத்துவார் என்பதுவரை சொன்னார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஒருத்தர் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை!

என் சாஃப்ட்வேரோ பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. புரோகிராம் எழுதும் நண்பர்களே, 'பாதம் பட்ட தேய்மானம்' என்று ஒரு கட்டம் வைத்த அனுபவம் யாருக்காவது உண்டா?