இசக்கியம்மாளும் மூன்று நாட்டு விருந்தாளிகளும்

எர்ணாவூரில் மாவுக்கடை இசக்கியம்மாள் என்றால் யாரும் வழி காட்டுவார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து முப்பது வருஷம் ஆகிறது. பேச்சு முழுக்க வடசென்னையாகிவிட்டது. விருந்தாளி விஷயத்தில் மட்டும் அவள் இன்னும் ஊர்க்காரிதான். வீடேறி வந்தவரிடம் குறை பாடுவதை அவள் பிறந்த வீட்டில் யாரும் செய்ததில்லை. அடுப்பில் உலை ஏறாத நாளிலும் "நல்லாருக்கோம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

பூமி சூடாகிறதே என்று கவலைப்பட்ட பல நாடுகள் எங்கெங்கோ ஏ.சி. மண்டபங்களில் வருஷக்கணக்காகக் கூடி, யார் கொடுப்பது, யார் வாங்குவது என்று மல்லுக்கட்டி, கடைசியில் கொஞ்சம் பணம் ஒதுக்கின. அதில் ஒரு சொட்டு எர்ணாவூர்வரை வந்து, இசக்கியம்மாள் கடையின் மொட்டைமாடியில் நான்கு சோலார் தகடுகளாகவும் கீழே ஒரு பேட்டரியாகவும் உட்கார்ந்தது. கடை ஃப்ரிட்ஜ் இனி வெயிலிலேயே ஓடும் என்றார்கள். முதல் வருஷம் ஓடவும் செய்தது.

எர்ணாவூரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் வெயிலுக்கும் தகட்டுக்கும் நடுவில் நிலக்கரி லாரிகள் கிளப்பும் கரித்தூள் இருக்கிறதே, அதை எந்த நாடும் யோசிக்கவில்லை. காலையில் துடைத்தால் மத்தியானம் மறுபடி கறுத்துவிடும். இரண்டாம் வருஷம் பேட்டரியும் படுத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கரண்டில் ஓட்டினால் பில் கட்டவே மாவு அரைக்க வேண்டும்.

திட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் ஜெமிமாதான் வழி சொன்னாள். "அக்கா, புதன்கிழமை மூணு நாட்டுக்காரங்க பாக்க வர்றாங்க. புது பேட்டரி யாருக்குன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. ஒளிக்காம எல்லாத்தையும் சொல்லிடுங்க."

"நாக்கப் புடுங்கிக்கிற மாரி கேட்டுர்றேன். நீ இன்னாத்துக்குக் கவலப்படறே?"

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. கணவர் ஆறுமுகநயினாரை வெளிநாட்டுக்காரராகப் பாவித்து எதிரே உட்காரவைத்துப் பொரிந்து தள்ளினாள். முப்பது வருஷக் கோபமும் அதில் சேர்ந்துகொண்டதோ என்று அவருக்குச் சந்தேகம்.

புதன்கிழமை விடிந்ததும் ஒத்திகை மறந்து விருந்து நினைவு வந்துவிட்டது. தகடுகளை மூன்று முறை துடைத்தாள். புளித்த மாவை அப்புறப்படுத்தினாள். பன்னீர் சோடா சில்லென்று இருக்க வேண்டுமே என்று ஃப்ரிட்ஜை சோலாரிலிருந்து கழற்றிச் சாதாரண கரண்டில் மாட்டினாள். அதை மட்டும் ஜெமிமாவிடம் சொல்லவில்லை.

வந்த மூவரும் சோடாவைக் குடித்துவிட்டு, காலி பாட்டிலைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, வெயிலில் இருந்து இவ்வளவு குளிர்ச்சியா என்று அதிசயித்தார்கள். அவர்களில் மூத்த அம்மாள் ஏதோ கேட்டார். ஜெமிமா தமிழில் சொன்னாள்: "ஏதாவது குறை இருக்கான்னு கேக்கறாங்க. சொல்லுங்கக்கா." கண்ணாலும் கெஞ்சினாள்.

இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள். கடல் தாண்டி வந்த மனுஷி, வேர்த்து விறுவிறுத்து நிற்கிறாள்.

"ஒரு குறையும் இல்லம்மா. உங்க புண்ணியத்துல நல்லாகீறோம். ஜெமிமா, இன்னொரு சோடா சாப்டச் சொல்லு."

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மற்ற இடங்களில் தடுமாறும் திட்டம் இங்கே பிரமாதமாக நடக்கிறதாம். ஆகவே புது பேட்டரி வேறு ஊருக்காம். ஜெமிமா படித்து முடிப்பதற்குள் இசக்கியம்மாள் அழுதுவிட்டாள். அன்று காலையும் ஒரு டப்பா மாவு சாக்கடைக்குப் போயிருந்தது. "கேட்ருக்கலாமே பாவி, வாயில இன்னா கொழுக்கட்டயா வச்சிருந்தே?" என்று தன்னையே வைதுகொண்டாள்.

"இன்னொரு பக்கம் இருக்குக்கா," என்றாள் ஜெமிமா. "உங்ககிட்ட கத்துக்கிறதுக்கு அடுத்த மாசம் ஆறு நாட்டுலேர்ந்து வர்றாங்களாம். இந்தத் தடவையாவது உண்மையச் சொல்லிடுங்க."

"இந்த வாட்டி உடமாட்டேன், பாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள். "யோவ், ஆறு நாட்டுக்காரங்கன்னா எத்தினி பேரு இருப்பாங்க? நம்மகிட்ட நாலு சேருதானே கீது?"