நான்காம் நாள், பெயர் எழுதாத மலை

1. காலை ஏழரை மணி போன்

அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் என் வீட்டு டைனிங் டேபிள்தான் என் ஆபீஸ். அன்று காலை ஏழரை மணிக்கு காபி டம்ளரும் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தேன். சுவிட்சர்லாந்தில் அப்போது மதியம் இரண்டரை. நான் டூர் போட்டு அனுப்பிய செந்தில் குடும்பம் அங்கே ஒரு மலை ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. செந்தில் இதே மாநிலத்தில் கேட்டி என்ற ஊரில் ஒரு எனர்ஜி கம்பெனியில் வேலை பார்ப்பவர், ஊர் ஈரோட்டுப் பக்கம். போனில் அவர்தான் பேசினார்.

“அக்கா, ஒரு டவுட்டு. இங்க போர்டுல மூவாயிரத்து நானூத்தம்பது மீட்டருக்கு மேலன்னு போட்டிருக்கு. நம்ம டிக்கெட்டு இதுக்குத்தானா? நீங்க கிரிண்டெல்வால்டுன்னுதானே சொன்னீங்க?”

“கிரிண்டெல்வால்டுலேர்ந்துதானே தம்பி கேபிள் கார் ஏறினீங்க? அதே டிரிப்புதான்.”

“இல்லக்கா, அம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்காம். அவங்க டிரெயினுக்குள்ள போயி உக்காந்துட்டாங்க. நாங்க வேணா அவங்கள இறக்கி இங்கயே...”

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. மனதுக்குள் நானே முடித்துவிட்டேன். ரீஃபண்டுக்கு அடி போடுகிறான். ‘அம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு’, ‘பையனுக்கு லேசா காய்ச்சல்’ என்பதெல்லாம் இந்தத் தொழிலில் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. அதற்கு நான் வைத்திருந்த பதிலும் பழைய பதில்தான்.

“தம்பி, அது டைம் போட்ட டிக்கெட்டு. இந்த டிரெயின விட்டா அவ்வளவுதான். எல்லாரும் போற இடம், ஒண்ணும் ஆகாது. ஏறுங்க.”

அவர் ஏறினார். நான் மிச்சக் காபியைக் குடித்தேன். இத்தனை வருஷ வேலையில் நான் சொன்ன சொற்களிலேயே திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன் என்று நினைப்பது அந்த ‘ஏறுங்க’ ஒன்றைத்தான்.

2. முக்காடு போட்ட ஐட்டினரரி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நான் முதலில் இங்கே ஒரு டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். தப்பு எங்கே இருக்கும் என்று தேடுவதுதான் டெஸ்டிங். எனக்கு அது பிறவிக் குணம். “உன்னைக் கட்டினதுலேர்ந்து தினமும் எனக்கு இன்டர்வியூதான்,” என்பார் என் வீட்டுக்காரர். லே ஆஃபில் அந்த வேலை போனதும், நம் ஜனங்களுக்கு ஐரோப்பா டூர் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். அதிலும் சுவிட்சர்லாந்துதான் முக்கால்வாசி.

நம் ஆட்களுக்கு சுவிட்சர்லாந்து என்றால் ஒரே ஊர். பனி, ரயில், பின்னால் ஒரு டூயட். அது ஒரு ஊரே இல்லை, ஏழெட்டு ஊர்களை மடித்து வைத்த நாடு. லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் பாறைச் சுவரிலிருந்து அருவிகள் நேராக வீட்டுக் கூரைக்குப் பின்னால் விழும். வெங்கன், செர்மாட் போன்ற ஊர்களுக்குள் வெளியூர்க் கார் நுழையவே முடியாது. அப்பென்செல் பக்கம் பனிமலை எல்லாம் தூரத்தில்தான். பச்சைப் புல்மேடும் மாட்டு மணிச் சத்தமும் உண்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் சரி. எங்காடின் மேட்டில் ஏரி ஏரியாகப் போகலாம். தெற்கே லுகானோ போனால் பனைஜாதி மரமும் இத்தாலிப் பேச்சுமாக நாடே மாறிவிடும். யாரை எங்கே அனுப்புவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. மற்றதெல்லாம் எவரும் இன்டர்நெட்டில் புக் பண்ணிக்கொள்ளலாம்.

சிக்கலும் அங்கேதான். லிவர்மோரிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி வந்தார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து ஒன்பது நாளுக்கு எழுதிக் கொடுத்தேன். எந்த ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எந்தப் பாலத்தில் இடது ஓரம் நின்றால் போட்டோவில் கம்பி விழாது என்பது வரைக்கும். “சூப்பரா இருக்கு அக்கா, ஹஸ்பண்டுக்கு லீவு கிடைக்கல, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார் அந்த அம்மாள். இரண்டு மாதம் கழித்து அவர் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் அதே பாலம், அதே இடது ஓரம். கம்பி விழவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. அன்றிலிருந்து நான் ஐட்டினரரியில், அதாவது நாள்வாரிப் பயணத் திட்டத்தில், ஊர்ப் பெயர் எழுதுவதில்லை. ‘நாள் 2: அருவிகள் நிறைந்த பள்ளத்தாக்கு. நாள் 4: ரயிலில் பனிமலை உச்சி.’ இப்படித்தான் போகும். முக்காடு போட்ட ஐட்டினரரி என்று நானே அதற்குப் பெயர் வைத்திருந்தேன். புக்கிங் முடிந்த பிறகுதான் முக்காட்டை எடுப்பேன். அதுவும் கிளம்புகிற வாரத்தில், வவுச்சர்களாக.

3. மூன்று தடவை கேட்ட கேள்வி

அம்மாவுக்குப் பனியைப் பார்க்க ஆசை என்று கூப்பிட்ட செந்தில், முதல் போனிலேயே என் சந்தேக லிஸ்டில் ஏறிவிட்டார்.

“அக்கா, அந்த நாலாவது நாள் எந்த ஊருக்கா?”

“குடும்பமா போற இடம்தான் தம்பி. அம்மா ஆசைப்பட்ட பனி அங்கதான் கிடைக்கும்.”

“சரிங்க்கா. எவ்வளவு உயரம் இருக்கும்?”

உயரம் கேட்கிறானே! உயரத்தை வைத்துக் கூகுளில் தட்டினால் மலை தானாக வந்து நிற்குமே. “அதெல்லாம் ரயிலே போகுது. நடக்க வேண்டியதே இல்ல,” என்றேன்.

அடுத்த வாரம் ஃப்ரீவேயில் காரிலிருந்து கூப்பிட்டார். குரலை இறக்கிப் பேசினார். “சும்மா ஒரு இன்ஃபர்மேஷனுக்குத்தான்க்கா. உயரம் மட்டும் சொல்லுங்களேன்.” சும்மா கேட்கிற ஆள் எதற்குக் குரலை இறக்க வேண்டும்? வேறு ஏஜென்ட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானோ? அப்போதும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை அவர் கேட்டபோது எனக்கு எரிச்சலாகிவிட்டது. ஆளைக் கழற்றிவிட ஒரு வழி கண்டுபிடித்தேன். மலையின் பெயரைச் சொல்லாமல், ரயிலுக்குப் போக கேபிள் கார் ஏறும் அடிவாரத்து ஊரின் பெயரைச் சொன்னேன். “கிரிண்டெல்வால்டு பக்கம் தம்பி. போதுமா?” பொய் இல்லை. கிரிண்டெல்வால்டு பக்கம்தான். அங்கே ஏறி இன்னும் எட்டாயிரம் அடி மேலே போகிறார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அன்று மாலையே புக்கிங் வந்துவிட்டது. பார்த்தாயா, பெயர் கிடைத்தும் இவனால் ஒன்றும் பண்ண முடியவில்லை என்று எனக்குள் ஒரு கர்வம். அவர் கிரிண்டெல்வால்டின் உயரத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார். மூவாயிரத்து நானூறு அடி என்று வந்திருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் புக் பண்ணினார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கிளம்புகிற வாரம் போன வவுச்சரில் மலையின் பெயர் இருந்தது, உயரம் இல்லை; கிரிண்டெல்வால்டு பக்கம்தானே என்று அவர் மறுபடி தேடிப் பார்க்கவில்லை.

4. ஒரு மணி நேரம் கழித்து

‘ஏறுங்க’ என்று சொல்லி ஒரு மணி நேரம் இருக்கும். செந்திலின் மனைவி காயத்ரி கூப்பிட்டாள்.

“அக்கா, அத்தைக்கு மூச்சு விட முடியல. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. ஆக்சிஜன் வச்சிருக்காங்க, கீழ கொண்டு போகணும்ங்கறாங்க. இன்சூரன்ஸ் நம்பர் உடனே அனுப்புங்க அக்கா.”

நம்பரை அனுப்பிக்கொண்டே கேட்டேன். “ஏம்மா, முன்னாடியே ஏதாவது இருந்துதா?”

சத்தத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வந்து பேசினாள்.

“போன வருஷம் நிமோனியா வந்துச்சு அக்கா. அப்புறம் லங்ஸ் பழையபடி ஆகல. பிளைட் ஓகே, ஆனா எட்டாயிரம் அடிக்கு மேல மலை எதுவும் வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.”

“இத ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“உங்ககிட்ட சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு அவருக்கு பயம். நெஞ்சு சரியில்லாத அம்மாவ இழுத்துக்கிட்டு ஊர் சுத்தறான்னு சொந்தக்காரங்க பேசுவாங்கன்னு. அதனாலதான் அக்கா உயரத்த மட்டும் கேட்டாரு. மூணு தடவ கேட்டாரே அக்கா.”

அவர் பயந்ததில் தப்பில்லை. ரிச்சர்ட்சனில் ஒருவர் தும்மினால் கேட்டியில் நூறாயுசு சொல்கிற சமூகம் எங்களுடையது. அந்தச் செய்தியைச் சுமந்து போகிறவர்களில் நானும் ஒருத்தி. கோயிலில் பார்க்கிறவர்களிடம் யார் எந்த ஊர் போகிறார்கள், யார் மாமியாரை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றெல்லாம் நானே பேசியிருக்கிறேன். நான் அவரைத் திருடன் என்று நினைத்தேன். அவர் என்னை ஓட்டை வாய் என்று நினைத்தார். இரண்டு பேரில் சரியாக நினைத்தவர் அவர்தான்.

நாச்சம்மாள் என்கிற அந்த அம்மாளுக்கு எழுபத்து மூன்று வயது. ஹெலிகாப்டரில் இன்டர்லாகனுக்குக் கொண்டு வந்தார்கள். மிச்ச நாள் முழுக்க ஆஸ்பத்திரிதான். எங்காடின் ஏரியும் லுகானோவும் கான்சல். நான் தினமும் மூன்று தடவை கூப்பிட்டேன். செந்தில் எடுக்கவில்லை, காயத்ரிதான் எடுத்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் எனக்கு அவர்கள் மேல் கோபம்தான் வந்தது. நோயை மறைத்தது நீங்கள், பழி மட்டும் எனக்கா என்று சமையலறையில் பாத்திரத்தை உருட்டினேன். இரண்டாம் நாள் அந்தக் கோபம் நிற்கவில்லை. பிளாட்பாரத்தில் நின்று அந்தப் பிள்ளை கேட்டதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அப்போதும் அவர் உயரத்தைத்தான் கேட்டார், பணத்தைக் கேட்கவில்லை.

5. நாச்சம்மாள் பேசியது

அவர்கள் கேட்டிக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்து ஒரு போன். நாச்சம்மாளே பேசினார். வக்கீல் பேசுவார் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். இந்த அம்மாள் பேசுவதற்கு வக்கீலே தேவலை என்று பிறகு தோன்றியது.

“நல்லா இருக்கீங்களா அம்மிணி?”

“என்னை விடுங்கம்மா. நீங்க எப்படி இருக்கீங்க?”

“இருக்கறனுங்க. ராத்திரிக்கு மட்டும் மூக்குல டியூப்பு வெச்சுக்கோணும். பிளைட்டுலயும் ஆக்சிஜன் வெச்சுத்தான் கூட்டியாந்தாங்க. இனி ஏறவே கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. ஊருக்கும் போக முடியாதாட்ட இருக்குது.”

டேபிளில் திறந்து கிடந்த அவர்கள் ஃபைலை மூடி வைத்தேன்.

“உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. என் பையன் என் நெஞ்ச உங்ககிட்ட மறைச்சுப்போட்டான். நீங்க மலையோட பேர அவங்கிட்ட மறைச்சுப்போட்டீங்க. ரெண்டு பேருமே கெட்டிக்காரங்கதான். மூச்சு முட்டுனது எனக்குங்க.”

அழுதேன். அவர் அழவில்லை. பிறகு நானே கேட்டேன், பனியையாவது பார்த்தீர்களா என்று.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே பாத்தனுங்க. கையில எடுத்துப் பாக்கோணும்னுதான் ஆசை. அது ஆவல.”

அந்த நாட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் இன்னும் குடைகிறது. பனியைத் தொட உச்சிக்குப் போக வேண்டியதே இல்லை. பிப்ரவரியில் போனால் லவுட்டர்புருன்னனிலேயே அனேகமாகப் பனி வாசலுக்கு வந்து கிடக்கும். ரீகி என்று ஒரு மலை, ஆறாயிரம் அடிகூட இல்லை, ரயில் மேலே வரைக்கும் போகும். பிளாட்பாரத்தில் குனிந்தால் கை நிறைய அள்ளலாம். நெஞ்சு சரியில்லை என்று ஒரு வார்த்தை என் காதில் விழுந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் அந்த டூரைப் போட்டிருப்பேன். பதினோராயிரம் அடி என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் செந்திலே நான்காம் நாளை அடித்துவிட்டிருப்பார்.

6. பிறகு

மறுநாளே முக்காட்டை எடுத்தேன். யார் கேட்டாலும் முழு ஐட்டினரரி, ஊர்ப் பெயரோடு, ஒவ்வொரு நாளுக்கும் எதிரில் உயரத்தோடு. மூன்று நான்கு குடும்பங்கள் அதை வாங்கிக்கொண்டு லீவு கிடைக்கவில்லை என்றார்கள். போகட்டும் என்று விட்டேன். புக் பண்ணுகிறவர்களிடம் முதல் கேள்வியே வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது உண்டா என்பதுதான். முதலில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் கோயிலில் வாயை மூடக் கற்றுக்கொண்ட பிறகுதான், ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இப்போது கடையைக் கட்டிவிட்டேன். தொழிலுக்கு வருகிறவர்களிடம், சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். கஸ்டமரை நன்றாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் ஒரே கேள்வியை ஒருவர் மூன்றாவது தடவை கேட்டால், அவர் எதைத் திருடப் பார்க்கிறார் என்று யோசிக்காதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று யோசியுங்கள். யோசிக்கத் தெரியாவிட்டால், கேட்டதற்கு நேராகப் பதிலையாவது சொல்லிவிடுங்கள்.