நாற்பத்து நாலாயிரம் பஃப் கைகள்

“என் கையால ஒரு பொய் அம்பு ஒட்டினது கிடையாது, ஒட்டப் போறதும் கிடையாது. நான் செத்தா மேல போத்துற துணியில தையல் கோணலா இருந்துச்சுன்னா, எழுந்து உட்கார்ந்து அதுக்கும் ஒண்ணு ஒட்டிட்டுத்தான் மறுபடி படுப்பேன்.”

ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டு அறையில், இருநூறு பேர் முன்னிலையில் விடுக்கப்பட்ட இந்தப் பிரகடனத்துக்கு உரியவர் அம்பக்கா. ஆறு வருடத்துக்கு முன்பு, வேலையில் இருபது வருடம் முடித்ததற்காக அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வாங்கியவர் நன்றி சொல்வதற்கு முன்பே அதைத் திருப்பிப் பார்த்து, பின்னால் ஒரு திருகாணி குறைவதைக் கொடுத்த மேலாளரிடமே காட்டினார். கைதட்டல் பாதியில் நின்றது. அந்த இக்கட்டைச் சமாளிக்கத்தான் மேற்படி பிரகடனம்.

அம்பு என்றால் வில்லோடு வருகிற அம்பு அல்ல. விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு ஒட்டுத்தாள். தைத்து முடித்த உடுப்பு கடைசியாக வந்து சேரும் மேசை அம்பக்காவுடையது. தலைக்கு மேல் நான்கு டியூப் லைட், கழுத்தில் அளவு நாடா, இடது மணிக்கட்டில் வளையல்போல் அம்புச் சுருள். உடுப்பை விரிப்பார், புரட்டுவார், அக்குளைப் பிதுக்கிப் பார்ப்பார். எங்கே தப்போ அங்கே அம்பு. எமனிடம்கூட ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லிப் பார்க்கலாம், அம்பக்காவிடம் முடியாது. தைத்தவர்கள் யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. குனிந்து பார்த்தால் தப்பு அங்கே இருக்கும். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் இருந்தது.

இப்பேர்ப்பட்டவருக்கும் இளமைப் பருவம் என்று ஒன்று இருந்தது. நம்பக் கடினம்தான், ஆனால் புகைப்படச் சான்று இருக்கிறது.

பெண்களெல்லாம் தோளில் காற்றை ஏற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. பத்தொன்பது வயதில், தமக்கையின் கல்யாணத்துக்காகத் தனக்கென்று ஒரு கவுன் தைத்துக்கொண்டார். பஃப் கை. மற்றவர்களுடையது எலுமிச்சை என்றால் நம்மவருடையது பூசணி. தொங்காமல் நிற்பதற்காக உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தார். கையைத் தூக்கினால் தலைப்புச் செய்தி சரசரக்கும். பஸ்ஸில் ஒருக்களித்துத்தான் ஏற முடிந்தது. இதையெல்லாம்கூட உலகம் மன்னித்திருக்கும். குடும்பப் படம் எடுத்தவர் “எல்லாரும் சிரிங்க” என்றார், எல்லாரும் சிரித்தார்கள். படம் கழுவி வந்தபோது, மணமகனின் தாயார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பஃப் கை இருந்தது. அதற்கு மேலே அந்த அம்மாளின் கொண்டை மட்டும், மலைக்குப் பின்னால் உதிக்கத் தயங்கும் சூரியன்போல.

அந்த அம்மாள் அதன் பிறகு எந்தப் படத்துக்கும் நிற்கவில்லை. “என்னைத்தான் மறைச்சாச்சே” என்பதையே மருமகளுக்கு மூன்று வேளையும் பரிமாறினார், பதினோரு வருடம். தமக்கை பிறந்த வீட்டுக்கு வரும்போது செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே ஆரம்பிப்பாள்: “அடியே பலூன், உன் ஒரு கையால எனக்கு இன்னைக்கும் வாங்கிக் கட்டிக்க வேண்டியதாப் போச்சு.” தங்கை கவுனைக் கொல்லையில் போட்டு எரித்தாள். புகை அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றாளாம், எழுந்து வந்துவிடுமோ என்று.

இந்த வருடம் அது எழுந்து வந்தது.

கடல் கடந்து வந்த ஆர்டர். இருபத்திரண்டாயிரம் கவுன்கள். மாதிரியை மேசைமேல் விரித்த சூப்பர்வைசர், தானே பெற்று வளர்த்ததைப்போல அதைத் தடவிக் கொடுத்தார்.

“இப்போ இதுதான்க்கா ஃபேஷன்.”

“இது செத்து முப்பது வருஷம் ஆச்சே, சார்.”

“திரும்பி வந்திருச்சுக்கா.”

“நாறலையா?”

சூப்பர்வைசர் மோந்து பார்த்தார். விசுவாசமான மனிதர்.

ஒரு கவுனுக்கு இரண்டு கை. ஆக, நாற்பத்து நாலாயிரம் பஃப் கைகள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அமுக்கி, அது மறுபடி நிமிர்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். விதி ஒருவரைப் பழிவாங்க நினைத்தால் நோய், விபத்து என்று கைவசம் இருக்கிற வழியில்தான் போகும். அம்பக்காவின் விஷயத்தில் தனிக் கவனம் எடுத்திருந்தது.

தொழிற்சாலையில் வயிற்றுக்காக அமுக்கலாம். வீட்டுக்கும் அல்லவா வந்தது! இரண்டு அறை வீடு. கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அம்பக்காவும் மகளும் மட்டும்தான். மகளுக்கு ஒரு பகலும் ஒரு இரவும் பயணம் செய்ய வேண்டிய தூரத்தில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசி ஞாயிறு கிளம்ப வேண்டும். பெட்டிக்காகப் பரணைக் குடைந்தவள் கையில் அந்தப் புகைப்படம் அகப்பட்டது.

“அம்மா! இது நீயா? செமயா இருக்கே! கவுன் எங்கேம்மா?”

“எரிச்சிட்டேன்.”

“எரிச்சியா? அடப்பாவி! கடையில இப்போ உன் நாலு மாசச் சம்பளம்மா அது!”

முப்பது வருட அவமானத்துக்கு இப்படி ஒரு தீர்ப்பு வருமென்று அம்பக்கா எதிர்பார்க்கவில்லை. பட்டதெல்லாம் வீண் என்று யாரோ சிரித்துக்கொண்டே சொல்வதுபோல் இருந்தது.

“எனக்கு ஒண்ணு வேணும்மா. உங்க கம்பெனியிலதானே தைக்கறாங்க? புது ஆபீசுக்கு முதல் நாள் அதைப் போட்டுட்டுத்தான் போவேன்.”

“அதை மாட்டிக்கிட்டு என் பக்கத்துல நடக்காதே. பார்க்கறவன் சிரிப்பான். மூஞ்சிக்கு ஏத்த மாதிரி போடு.”

கடைசி வாக்கியத்துக்கு அவசியமே இல்லை. தப்பு தேடியே பழகிய வாய், சும்மா இருக்கத் தெரியவில்லை.

“சரி, நடக்கல,” என்றாள் மகள்.

அதோடு பேச்சு நின்றது. சாப்பிட்டியா? ‘ம்’. சாவியை எடுத்தியா? ‘ம்’. அந்த ‘ம்’களுக்குள் ஏதாவது ஏற்றத்தாழ்வு உண்டா என்று அம்பக்கா தொழில்முறையில் ஆராய்ந்தார். ஒன்றும் இல்லை, எல்லாம் ஒரே அளவு, ஒரே தரம். பிள்ளை இப்படியே பஸ் ஏறிப் போய்விட்டால், அந்த இரண்டு அறையிலும் பேசுவதற்குக் கடிகாரம்தான் மிச்சம்.

அவர் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தையல் மிஷினை இரவல் வாங்கி, இரண்டு மீட்டர் துணி வாங்கி, தானே ஒரு கவுன் தைத்தார். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் தையலில் குற்றம் கண்ட கை, தைப்பதை மறந்துபோயிருந்தது. ஒரு தோள் உப்பியது, இன்னொன்று காற்றுப் போன டயர். கட்டிலில் மடித்து வைத்தார். மகள் பார்த்தாள். ‘ம்’.

மிச்சமிருந்தது ஒரே வழி, கழிவுக் கூடை. வழக்கமாக அம்பு பட்ட உடுப்பைப் பிரித்துத் தைக்கலாம். இந்தத் துணி மெலிசு. பிரித்தால் ஊசித் துளை பல்லை இளிக்கும். ஆகவே இந்த ஆர்டரில் அம்பு பட்டதெல்லாம் நேராகக் கூடைக்கு, கூடையிலிருந்து மாதக் கடைசிச் சனிக்கிழமை வேலையாட்களுக்கே சல்லிசு விலைக்கு. அம்பக்கா தினமும் கூடையை எட்டிப் பார்த்தார். நெஞ்சில் எண்ணெய்க் கறையோடு ஒன்று கிடந்தது. இன்னொன்றுக்குள் இரண்டு மகள்கள் குடித்தனம் நடத்தலாம்.

கூடையில் உருப்படியாக ஒன்றும் விழாததற்குக் காரணம் கை ஏற்றும் பெண். உடம்போடு கையைச் சேர்த்துத் தைப்பது அவள் வேலை. பாதகி, சுத்தமாகத் தைத்தாள். மாதம் முழுக்க அவள் வேலையில் இரண்டே அம்புதான். சுவரிலிருந்த பலகையில் அவள் பெயருக்கு எதிரே இரண்டு கோடு. மூன்றாவது விழுந்தால் மிஷினை விட்டு எழுந்து நூல் வெட்டும் மூலைக்குப் போக வேண்டும். நாள் பூராவும் நின்றபடி வேலை, சம்பளமும் குறைவு. அவளுக்கு முழங்கால் வலி உண்டு என்பது அம்பக்காவுக்குத் தெரியும்.

கூடையை விற்கும் நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம் மேசைக்கு ஒரு கவுன் வந்தது. இளநீலம். மகளின் அளவு. அம்பக்கா அதைப் புரட்டினார். உள்பக்கம் வெளியே திருப்பினார். விளக்குக்கு நேரே பிடித்தார். ஒரு தப்பு கிடைக்காதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினார். கையை அமுக்கினார், அது மரியாதையாக நிமிர்ந்தது. இன்னொரு கையும் அப்படியே. மூன்றாவது முறையும் பார்த்துவிட்டு, மணிக்கட்டிலிருந்து ஒரு அம்பை உரித்து இடது தோளின் சுருக்கத்தருகே ஒட்டினார்.

சற்று நேரத்தில் கை ஏற்றும் பெண் வந்து நின்றாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இது மூணாவது. தப்பு எங்கேன்னு மட்டும் காட்டுங்க, இனிமே பார்த்துத் தைக்கறேன்.”

“இடது பக்கம் சுருக்கம் கூடிப்போச்சு.”

அவள் கவுனை விளக்கடியில் பிடித்து, நகத்தால் ஒவ்வொரு சுருக்கமாக எண்ணினாள். வலது. இடது. மறுபடி வலது. அம்பக்கா கழுத்திலிருந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

“ரெண்டும் ஒண்ணா இருக்கற மாதிரிதான் தெரியுதுக்கா...”

“நல்லாப் பாரும்மா.”

அவள் அம்பைப் பார்த்தாள். அது காட்டிய இடத்தைப் பார்த்தாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“ஆமாக்கா, கூடித்தான் இருக்கு. இப்போ தெரியுது. நீங்க காட்டலைன்னா என் கண்ணுல பட்டே இருக்காது.”

பலகைக்குப் போய், சூப்பர்வைசர் வருமுன் மூன்றாவது கோட்டைத் தானே இழுத்தாள். மிஷின் மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நூல் வெட்டும் மூலைக்கு நடந்தாள்.

அம்பக்கா அடுத்த கவுனை இழுத்து விரித்தார்.