ஒற்றைக் குட்டிக்கு ஏழு வீடு

குட்டி எத்தனை என்று தெரிவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் அத்தனையையும் ஊருக்கு வாக்குக் கொடுத்து முடித்துவிட்டார். அவருக்குத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. நாள் முழுக்க ஒருவர் சரக்கை இன்னொருவரிடம் ஒப்படைப்பதுதான் தொழில். அந்தப் பழக்கத்தில் வீட்டில் இருப்பதையும் கேட்டவர்களிடம் ஒப்படைத்துவிடுவார். ஆபீஸ் மேனேஜருக்கு ஒன்று, எதிர்வீட்டு டீச்சருக்கு ஒன்று, பால்காரருக்கு ஒன்று, அவருடைய சித்தி மகனுக்கு ஒன்று என்று போய், முடிவெட்டுகிறவர் வரைக்கும் வந்துவிட்டது. “ஏளா, ஏழு பேர் ஆச்சு. ரெண்டு மூணு கூடப் போட்டாலும் கேக்க ஆள் இருக்கு” என்று பெருமை வேறு. பெறப்போவது அவர் இல்லையே.

எங்கள் நாய் பொமரேனியன். அந்த வகையிலேயே சின்ன உடம்பு. தூக்கினால் உரிக்காத தேங்காய் இரண்டு இருக்கும் கனம். மகள் கல்லூரியில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கினாள். பிறகு வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டாள். நாய் முத்தையாபுரத்தில் எங்களோடு நின்றுவிட்டது. எனக்கும் நாய்க்கும் ஆகாது என்று ஆரம்பத்தில் சொன்னவள் நான்தான். இப்போது சாளை மீன் வாங்கினால் முள் எடுத்து, ஆறவைத்து, சோற்றில் பிசைந்து கொடுப்பதும் நான்தான். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. காலடியில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் முள் எடுப்பீர்கள்.

மகள் ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்லிவிட்டுத்தான் போவாள்: “அம்மா, அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிருங்க.” தெருவில் யாரும் சம்மதிக்கவில்லை. ஒரு தடவையாவது குட்டி போட விடாமல் ஆபரேஷன் செய்வது பாவமாம். இந்தப் பாவக் கணக்கை யார் போட்டார்களோ தெரியவில்லை. மனுசருக்கு மனுசர் செய்கிற பாவத்தைப் பற்றி எங்கள் தெருவில் ஒருத்தரும் இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் பத்துப் பேர் ஒரே பேச்சைப் பேசினால் மனசு ஆடத்தானே செய்யும்? அவளுக்கும் ஒரு ஆசை இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு நினைக்கவே தேவைப்படவில்லை, அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

மாப்பிள்ளை வீடு ஆறுமுகநேரி. அங்கே உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கிற ஒருவர் வளர்க்கும் ஆண் நாய். பால் மாதிரி வெள்ளை, நல்ல முடி, பார்த்தால் கண் எடுக்க முடியாது. வழக்கப்படி பேச்சும் முடிந்தது: குட்டி பிறந்தால் ஆண் நாய்க்காரருக்கு ஒன்று, அதுவும் அவர்தான் முதலில் எடுப்பார். ஏழு பேரில் அவர்தான் முதல் ஆள். நாயைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. எங்களுடையதைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். “ஆம்பளன்னா கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும்” என்றார். நானும் அவரும் ஒரே உயரம் என்பதை அந்த இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சினை பிடித்தது உறுதியானதும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். முட்டை என்ன, ஈரல் என்ன. மகள்தான் போனில் கத்தினாள், போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று. வயிறு நன்றாகத் தெரிந்த பிறகு டவுனில் இருக்கும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு மண்டை ஓடு, ஒரு முதுகெலும்பு.

“ஒண்ணே ஒண்ணுதான்மா இருக்கு” என்றார்.

“நல்லாப் பாருங்க டாக்டர், பொறத்தால ஒளிஞ்சி கெடக்கும்” என்றார் என் வீட்டுக்காரர். ஏழு பேர் முகமும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

உள்ளே ஒரே குட்டி என்றால் எல்லாச் சத்தையும் அதுவே வாங்கிக்கொண்டு பெரிதாக வளர்ந்துவிடுமாம். தகப்பனும் பெரிய உடம்பு. தாய்க்கோ இடுப்பெலும்பு குறுகல். அதோடு, நாலைந்து குட்டிகள் இருந்தால் நேரம் வந்தது தாயின் உடம்புக்குத் தெரியும், ஒற்றைக் குட்டியாக இருந்தால் சில சமயம் அதுவே தெரியாமல் போய்விடுமாம். காலையும் சாயங்காலமும் காய்ச்சல் பார்க்கிற கருவியை வைத்துச் சூடு பார்க்கச் சொன்னார். சூடு சட்டென்று இறங்கினால் பிரசவம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். “உடனே எனக்குப் போன் பண்ணுங்க. குட்டி வராம பச்சையா தண்ணி மட்டும் வந்தா ஒரு நிமிஷம்கூட வீட்டுல இருக்காதீங்க. தானாப் பிறக்கட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தா குட்டியோட தாயும் போயிரும்.”

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரரை நான் திட்டவில்லை. திட்டுவதற்குக் கொஞ்சமாவது தெம்பு வேண்டும்.

மகளுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அதுவரை வீட்டில் நான் பேசுவதெல்லாம் இவளிடம்தான். விலைவாசியைப் பற்றி, நாத்தனாரைப் பற்றி, எதிர்வீட்டு டீச்சர் கட்டிவந்த சேலையைப் பற்றி. இவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவேன்? இதற்கு நடுவில் போன் வேறு. “குட்டி போட்டாச்சா? எனக்கு வெள்ளைதான் வேணும், மறந்துராதீங்க.” இரண்டு பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னேன். மூன்றாவது ஆளிடம், “ஒண்ணுதான் இருக்கு, அதுவும் தாயும் பொழைக்கட்டும்னு மொதல்ல கும்பிடுங்க” என்று வைத்துவிட்டேன்.

அந்த நாள் வந்தது. காலையில் சூடு இறங்கியிருந்தது. டாக்டரம்மாவுக்குச் சொன்னேன். வலி ஆரம்பிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், ஆரம்பித்தால் கொண்டுவாருங்கள் என்றார். வீட்டுக்காரரை மேனேஜர் ஏதோ கப்பல் சரக்கு விஷயமாக அவசரமாகக் கூப்பிட்டதால் துறைமுகத்துக்குப் போயிருந்தார். அவள் முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடித்து வைத்திருந்த என் சேலைகளைப் பறித்துப் பறித்து ஒரு மூலையில் குவித்தாள். மதியம் முக்க ஆரம்பித்தாள். முக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். மறுபடி முக்குவாள். குட்டி வரவில்லை. சேலையில் கரும்பச்சையாக ஈரம் பட்டதுதான் தெரியும், அவளை அப்படியே துண்டோடு அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

ஆட்டோ கிடைத்துவிட்டது. ஆனால் ரோடு கிடைக்கவில்லை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இங்கன லாரி அசையாது. உள்ளுக்குள்ள சந்து வழியா போயிருவமா?” என்றார்.

“எது வழியா வேணும்னாலும் போங்க தம்பி, நிக்க மட்டும் செய்யாதீங்க.”

போகிற வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டினேன். லாரிக்காரர்களை, அந்தச் சந்துகளை, என் வீட்டுக்காரரை, அவருடைய ஏழு பேரை, ஆறுமுகநேரி மாப்பிள்ளையை. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, அழுகை வந்தால் கோபம் வராது. அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. டிரைவர் பாவம், சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார். மடியில் அவள் மூச்சு மட்டும் வேகமாக வந்துகொண்டிருந்தது.

நாங்கள் போய் இறங்கும்போது என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். ஆட்டோவில் இருந்தே நான் போன் போட்டிருந்தேன், பைக்கில் வந்திருக்கிறார். கழுத்தில் துறைமுக அடையாள அட்டைகூடக் கழற்றாமல் தொங்குகிறது. “இருக்காளா?” என்று மட்டும் கேட்டார். துண்டை விலக்கிக் காட்டினேன்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் ஆபரேஷன்தான் என்றார். தயார் செய்துகொண்டே எங்கள் பக்கம் திரும்பி, “தெறக்கும்போதே கர்ப்பப்பையையும் எடுத்துரலாமா? உங்க சம்மதம் வேணும். எடுத்துட்டா இனிமே குட்டி கிடையாது” என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மீதி ஆறு பேரிடமும் அடுத்த தடவை பார்க்கலாம் என்று இவர் சொல்லி வைத்திருப்பார், எனக்குத் தெரியாதா? ஒரு முழுச் சண்டைக்கு வேண்டிய வார்த்தையெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: “எடுத்துருங்க டாக்டர். எங்களுக்கு இவ போதும்.”

அவ்வளவு வார்த்தையையும் நான் அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. உள்ளே இருந்து முதலில் ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. அவர் எழுந்துவிட்டார். நான் எழவில்லை. குட்டி சத்தம் எனக்குப் போதாது. அதற்கு அப்புறம் நிறைய நேரம் கழித்துத்தான் டாக்டரம்மா வந்து, “குட்டி நல்ல பெருசு, ஆண். தாய் நல்லாருக்கு, முழிச்சிட்டா” என்றார். அதுவரை கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த நான் அப்போதுதான் பெஞ்சை விட்டு எழுந்தேன். என் வீட்டுக்காரர் டீ வாங்கிவருகிறேன் என்று போனார். வாங்கி வந்ததில் பாதி அவர் சட்டையில் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் லேசாக விடவில்லை. மயக்கத்தில் பெற்றதால் அது தன் குட்டி என்றே அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வைத்தால் உறுமினாள். ஒருவர் தலையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருக்க, ஒருவர் குட்டியைக் காம்பில் வைப்போம். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் தானாகவே நக்கிக்கொண்டிருந்தாள். அதோடு சரி என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குட்டி இருக்கிறதே, அது சாமானியம் இல்லை. ஏழு பேர் குடிக்க வேண்டிய பாலை ஒருத்தனாகக் குடித்தான். நகத்தால் தையல் பக்கம் பிறாண்டுவான். நான் உட்கார்ந்து நகம் வெட்டுவேன். அவனுக்குப் பல் முளைத்ததும், கடிக்குப் பயந்து அவள் கட்டிலில் ஏறிக்கொள்வாள், அவன் கீழே நின்று கத்தித் தெருவையே கூட்டுவான். அவளுக்குக் கழுத்து முடியெல்லாம் உதிர்ந்து எலும்பு தெரிந்தது. எந்நேரமும் வயிற்றை ஒடுக்கிக்கொண்டு, சுருண்டு, அரைக்கண்ணோடுதான் கிடப்பாள்.

அந்த ஆறு பேருக்கும் என் வீட்டுக்காரரே போன் செய்தார். பக்கத்தில் நின்று கேட்டேன். “இல்ல, அடுத்த தடவையும் கெடையாது. கேட்டவுக எல்லாருக்கும் சரின்னுட்டேன், தப்பு எம்மேலதான்” என்றார். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் வாயில் ஒருத்தரிடமாவது இல்லை என்று வந்து நான் கேட்டதில்லை.

ஆறுமுகநேரிக்காரருக்கு மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. முதல் குட்டி அவருடையது. குட்டி பால் மறந்து, சோறு தின்று, முதல் ஊசியும் போட்ட பிறகு அவர் பைக்கில் வந்தார். வந்தவர் கேட்டுக்கு உள்ளே வரவே கூச்சப்பட்டார்.

“மதினி, ஒத்தக் குட்டின்னு கேள்விப்பட்டேன். ஆபரேசன் வரைக்கும் போயிட்டுன்னு அண்ணாச்சி சொன்னாவ. இதுக்கு மேல நான் வாங்கிட்டுப் போனா நல்லாருக்காது. நீங்களே வச்சிக்கிடுங்க.”

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கும் முன், “ஒரு நிமிஷம் நில்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கூடையில் துண்டு விரித்து, ஊசி போட்ட சீட்டை ஓரமாகச் சொருகி, குட்டியை உள்ளே வைத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். “பேச்சு பேச்சாவே இருக்கட்டும், கொண்டு போங்க.”

சும்மா அனுப்பவில்லை. அடுத்த ஊசி எப்போது, என்ன சாப்பாடு, வெயிலில் மாடியில் கட்டக்கூடாது, எல்லாம் சொன்னேன். கடைசியில் சொன்னேன்: “இவன் பெருசா வருவான். இவன்கிட்டயோ இவன் அப்பன்கிட்டயோ யாராவது பொட்டை நாயைக் கொண்டாந்தா மொதல்ல தூக்கிப் பாருங்க. கனம் இல்லன்னா திருப்பி அனுப்பிருங்க. ஆபரேசன்னு வந்தா செலவு பண்ணிப் பாப்பீங்களான்னும் கேளுங்க. யோசிச்சாங்கன்னா, அதுக்கும் திருப்பி அனுப்பிருங்க.”

அவர் தலையை ஆட்டினார். “இதெல்லாம் எங்ககிட்ட யாரும் கேட்டதுமில்ல மதினி, சொன்னதுமில்ல. இனி கேக்கேன்.”

பைக் திரும்பி மறையும் வரை குட்டியின் சத்தம் கேட்டது. தெருவில் இரண்டு மூன்று பேர் நான் அழுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கையில் இருந்த ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உள்ளே வந்தால் என் வீட்டுக்காரர், “ஏளா, இவ தேடுவாளே” என்று அவள் பின்னாலேயே அலைகிறார்.

அவள் குட்டி கிடந்த துணியை மோந்தாள். அறையை ஒரு சுற்று சுற்றினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு ஃபேனுக்கு நேர் கீழே போய், மல்லாந்து, நாலு காலையும் பரப்பி, வயிறு முழுவதையும் காற்றுக்குக் கொடுத்துப் படுத்துவிட்டாள். புதிதாக முளைத்த முடிக்கு நடுவில் தையல் போட்ட கோடு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மகளுக்கு வீடியோ கால் போட்டு, பேசாமல் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“என்னம்மா இவ, செத்தவ மாதிரி கெடக்கா?” என்றாள் மகள்.

“வாயக் கழுவு ஏளா” என்றேன். “பைய பேசு. அவ தூங்குதா.”